மூன்று ஞாயிறு ஓலை

கல்லறைத் திருநாள் வாரத்தில் அம்மா தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது ஜோஜோவுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கழிந்த பிறகுதான் உறைத்தது. கஞ்சி வந்தது, துவையல் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. செபமாலையம்மாளுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் நங்கென்று விழும். கொஞ்ச நேரத்தில் தானே மறந்தும் போவாள். இந்த முறை பாத்திரங்கள் சத்தமில்லாமல் வைக்கப்பட்டன.

“அம்மா, அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்கணுமே. சுண்ணாம்பு வாங்கிட்டு வரட்டா?”

“ஒன் இஷ்டம்.”

இப்படிச் சொல்கிறவளா அவள்? தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்த காலத்திலிருந்தே திருநாளுக்கு முந்தின வாரம் அரிவாளும் சுண்ணாம்புமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு முதல் ஆளாய்ப் போகிறவள். கணவர் சூசையப்பன் இறந்த பிறகு அவர் கல்லறையை வேறு கை தொட விடமாட்டாள். இந்த ஆண்டு மெழுகுவர்த்திகூட வாங்கவில்லை. ஜோஜோ தன் குற்றங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். பல்பு மாற்றச் சொன்னாள், மாற்றியாயிற்று. கல்யாணப் பேச்சை எடுத்தாள், வழக்கம்போல நழுவியாயிற்று. அதற்கெல்லாம் இத்தனை மௌனம் வராது.

ஜோஜோ கொச்சியில் உள்ள கம்பெனி ஒன்றுக்குத் தேவிகுளத்து வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். பிறந்து வளர்ந்தது மேலே, எஸ்டேட்டின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். கோயிலும் கல்லறைத் தோட்டமும் இன்னும் அங்கேதான். அந்தத் தோட்டத்தில் நட்டதெல்லாம் மரச்சிலுவை. இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். பிறகு உளுத்து விழும், பெரணிச் செடி மூடும், யார் எங்கே என்பது தெரியாமல் போகும். அப்பா இறந்த வருஷம் அவரது சிலுவையும் சாயத் தொடங்கியபோது ஜோஜோவுக்கு ஒரு வேகம் வந்தது. எஸ்டேட்டில் மண்ணுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் என்று இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்கினான். முதல் பக்கம் சூசையப்பனுடையது. அதை அவனே எழுதினான், எழுதும்போது அழுதான்.

இணையத்தில் மாத வாடகைக்கு இடம் பிடிக்காமல், பழைய சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் உட்கார வைத்தான். மொத்த வலைப்பூவும் அந்தப் பெட்டிக்குள் இருந்துதான் உலகத்துக்குப் போகிறது. அம்மா அதன்மேல் கையால் பின்னிய குரோஷா துணி விரிப்பாள். சூடாகிவிடும் என்று அவன் எடுத்து வைப்பான். மறுநாள் துணி மறுபடியும் அங்கே இருக்கும்.

ஆரம்பத்தில் எல்லாம் கை வேலை. லயத்துச் சனங்கள் சொல்லச் சொல்ல, ஞாயிறு மறைக்கல்வி எடுக்கும் நிமி எழுதி அனுப்புவாள். ஜோஜோ பக்கத்தைக் கட்டி, நகலெடுத்து, நேராகப் பெட்டியில் போடுவான். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், விவரம் சொன்னவர் பெயரைச் செத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போட்டுத் தொலைத்தான். அது ஜோஸ், தேயிலை ஃபாக்டரியில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானத்துக்குள் லயமே துக்கம் கேட்க அவர் வீட்டு வாசலில் நின்றது. ஜோஸே கதவைத் திறந்து, வந்தவர்களுக்கெல்லாம் கட்டன்காப்பி போட்டுக் கொடுத்தார். யார் யார் அழுதுகொண்டு வந்தார்கள், யார் சும்மா வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் ஜோஜோ வேலையைக் கையிலிருந்து பிடுங்கிப் பெட்டியிடம் கொடுத்தான். நிமி போனில் விவரத்தை நிரப்பி அனுப்பினால், அது வலைப்பூவின் மூலப்பிரதியைத் தொடாமல் பக்கத்தில் ஒரு தனிக் கிளையாக முளைக்கும். கிளை வந்ததும் பெட்டி தானே விழித்துக்கொண்டு, முழு வலைப்பூவையும் அந்தப் புதுப் பக்கத்தோடு சேர்த்துக் கட்டி, தனி முகவரி ஒன்றில் வைத்து, அந்த முகவரியைக் குடும்பத்தாரின் போனுக்கு அனுப்பிவிடும். இது முன்னோட்டம். வீட்டார் பார்த்துவிட்டு அடியில் உள்ள ‘ஆமென்’ பொத்தானைத் தொட்டால், கிளை மூலத்தோடு சேரும். பெட்டி மறுபடி எல்லாவற்றையும் கட்டி, உலகம் பார்க்கும் முகவரியில் ஏற்றும். கட்டுவதில் கோளாறு என்றால் பழையது அப்படியே நிற்கும். உயிரோடு இருப்பவரைக் கொல்ல இனி வழியில்லை.

முதல் தடவை அது தானாக நடந்தபோது ஜோஜோ ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தான். போன் அதிர்ந்தது: கிளை வந்தது. அரிசி அளக்கும் முன்னால் இன்னொரு அதிர்வு: முன்னோட்டம் தயார். பை கட்டும்போது மூன்றாவது: வெளியிடப்பட்டது. மேலே மஞ்சு மூடிய லயத்தில் யாரோ ஒரு விரலை வைக்க, வீட்டில் ஆளில்லாத நேரத்தில் ஃபிரிட்ஜ்மேல் ஒரு பெட்டி முனகிக்கொண்டு வேலை செய்ய, செத்துப்போன ஒரு கங்காணியின் பெயர் உலகத்துக்குள் நுழைந்திருந்தது. அதற்கான நிரலை எழுதியதே அவன்தான், இருந்தும் கைமயிர் சிலிர்த்து நின்றது. கடைக்காரர் குளிருதா என்று கேட்டார்.

முன்னோட்டம், வெளியீடு என்றெல்லாம் சொன்னால் சனங்களுக்கு விளங்கவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று ஜோஜோ ஒரே போடாகப் போட்டான்.

“கல்யாணத்துக்கு முன்னாடி கோயில்ல ஓலை வாசிப்பாங்கல்ல? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு. அந்த மாதிரிதான். முதல்ல வாரது ஓலை. ஆமென் அமுத்துனா கல்யாணம்.”

“ஒனக்கு எப்பலே ஓலை?” என்று ஜோஸ் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து லயத்தில் அதற்குப் பெயர் ஓலைதான்.

வேலை அவ்வளவு ஒழுங்காக ஓடியதில் ஜோஜோவுக்கு மண்டைக்கனம் ஏறியது. பக்கங்களைப் படிப்பதை விட்டுவிட்டான். படிக்கத்தான் வீட்டார் இருக்கிறார்களே. பெட்டியில் இடம் குறைவு என்பதால் இன்னொரு விதியும் எழுதி வைத்தான்: பத்து நாளாக யாரும் ஆமென் சொல்லாமல் கிடக்கும் முன்னோட்டத்தைப் பெட்டி தானாகத் துடைத்துவிட வேண்டும். வீட்டைக் கூட்டிப் பெருக்கியதுபோல அவனுக்கு அதில் ஒரு திருப்தி.

இனி அம்மாவின் மௌனத்துக்கு வருவோம். வியாழக்கிழமை சாயங்காலம் நிமி அவர்கள் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக உள்ளே வந்து அம்மாவிடம் காப்பி கேட்கிறவள், அன்று முற்றத்திலேயே நின்றுகொண்டாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். அத்தை எழுதுன பக்கத்த ஏன் அழிச்சீங்க?”

“எந்தப் பக்கத்த?”

நிமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நடிக்காதீங்க.”

“சத்தியமாத் தெரியல நிமி. எங்கம்மா என்ன பக்கம் எழுதுனாங்க? அப்பாவுக்குத்தான் நானே எழுதிட்டேனே.”

அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள்.

“ஒங்களுக்கு முன்னாடி ஒரு புள்ள இருந்துச்சாம் அண்ணே. பொம்பளப் புள்ள. பொறந்த அன்னைக்கே போயிருச்சாம். அத்தை எங்கிட்ட வந்து சொன்னாங்க, நான் எழுதி அனுப்புனேன். அவங்க போனுக்கு ஓலை வந்துச்சு.”

ஜோஜோ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். தலைச்சன், தலைச்சன் என்று சொல்லியே வளர்க்கப்பட்டவன் அவன்.

“அப்புறம்?”

“அப்புறமென்ன, முதல் ஞாயிறு பூசை முடிஞ்சு கோயில் பக்கத்துல சவுக்கு மரத்தடியில எல்லாரையும் உக்கார வச்சு, போனப் பாத்து வாசிச்சாங்க. அடுத்த ஞாயிறும் வாசிச்சாங்க. நீங்கதான் இப்பல்லாம் மேல பூசைக்கு வாரதில்லையே. மூணாவது ஞாயிறு தொறந்தா, ‘இந்தப் பக்கம் இல்லை’ன்னு வருது.”

“ஏன் மூணு ஞாயிறு? பாத்த அன்னைக்கே ஆமென் அமுத்தியிருந்தா முடிஞ்சிருக்குமே.”

“ஓலைன்னு நீங்கதானே சொன்னீங்க? ஓலைன்னா மூணு ஞாயிறு வாசிக்க வேணாமா?”

ஜோஜோவுக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்திலேயே செத்தது. மூன்று ஞாயிறு. பத்து நாள். அவன் எழுதிய விதி அவன் சொன்ன உவமையைக் கவனிக்கவே இல்லை.

“மத்த வீட்டுக்காரங்க உடனே அமுத்துனாங்களே,” என்றான் பலவீனமாக.

“அவங்க ஆளுங்க கல்லறைத் தோட்டத்து வேலிக்கு உள்ள இருக்காங்க அண்ணே. தடை சொல்ல என்ன இருக்கு? இந்தப் புள்ளைக்குத் தண்ணி ஊத்தல, ஞானஸ்நானம் ஆகல. அந்தக் காலத்துல வேலிக்கு வெளிய வச்சிருக்காங்க. நாளைக்கு யாரும் ஒண்ணு சொல்லிரக் கூடாதுன்னுதான் அத்தை முறைப்படி மூணு ஞாயிறும் கேக்க நெனச்சாங்க. ரெண்டு ஞாயிறு கேட்டாச்சு. லயத்துல ஒருத்தர்கூடத் தடை சொல்லல. பக்கம் காணாமப் போச்சு. பெட்டி ஒங்க வீட்டுல இருக்கு. அப்போ தடை சொன்னது யாரு?”

அவ்வளவுதான். அம்மாவின் மௌனத்துக்குப் பொருள் விளங்கிவிட்டது. மகன் தன் அக்காவை வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என நினைத்துக்கொண்டு, அவனுக்கே கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஜோஜோ மேசைக்கு ஓடினான். பெட்டி துடைத்தது முன்னோட்டத்தை மட்டும்தான், கிளை போகாது. அங்கே அது இருந்தது, யாரும் கேட்காமல், வாடாமல். ஒரே ஒரு வரி கட்டளை கொடுத்தான். ஃபிரிட்ஜ்மேல் பெட்டி முனகியது. ஒரு ‘அருள் நிறை மரியே’ செபம் சொல்லி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை, பக்கம் திரும்பி வந்து நின்றது. எத்தனையோ தடவை பார்த்த வித்தை. இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

‘அடைக்கலமேரி. சூசையப்பன், செபமாலை மகள். வந்ததும் போனதும் ஒரே நாளு. பெரிய மழை, ரோடு போயிருந்துச்சு, ஜீப்பு வரல. அழுதா, ஒரு தடவ. நல்ல சத்தம். வேலிக்கு அங்கிட்டு, தேயிலைப் பத்தை ஓரமா வச்சாங்க. பேரு நான் வச்சது, அவருக்கு மட்டும் சொன்னேன். அந்தப் பத்தையில கொழுந்து எடுக்க விடுறப்பல்லாம் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்குவேன்.’

நிமி ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஜோஜோ இரண்டு முறை படித்தான். பிறகு, முன்னோட்டம் என்பது முழு வலைப்பூ ஆயிற்றே, என்ன தோன்றியதோ, அப்பாவின் பக்கத்தைத் திறந்தான். அவன் அழுதுகொண்டே எழுதிய பக்கம். ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். அதில் ஒரு வரி மாறியிருந்தது.

பிள்ளைகள்: அடைக்கலமேரி, ஜோஜோ.

யாரும் அதைத் தட்டச்சு செய்யவில்லை. பெற்றோர் பெயரை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், பிறந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று எப்போதோ அவன்தான் சொல்லி வைத்திருந்தான். பெட்டி அதைச் செய்துவிட்டது. தண்ணீர் ஊற்றினார்களா, வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்று அது கேட்கவில்லை. அதற்கெல்லாம் அவன் கட்டம் போடவே இல்லை. பிறந்தாள், இருந்தாள், இன்னாரின் மகள். அவ்வளவு போதும் என்று, தலையைத் தூக்காமல், அவளை அவள் இடத்தில் உட்கார வைத்துவிட்டது. அப்பா இருந்திருந்தால் அவரும் இந்த வரிசையில்தான் சொல்லியிருப்பார். ஜோஜோ அந்தப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தான். கோயிலுக்குள் நிற்பது போல இருந்தது அவனுக்கு. அதன்மேல் அம்மாவின் குரோஷா துணி கிடந்தது. இன்றைக்கு அதை எடுக்க மனம் வரவில்லை.

அடுக்களையில் செபமாலையம்மாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜோஜோ அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்து போனை நீட்டினான்.

“அம்மா, இத நான் இப்பத்தான் படிக்கேன்.”

கத்தி நின்றது. “ஒன் பெட்டி வழியாத்தானே போவுது.”

“போவுது. நான் பாக்கதில்லம்மா. எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்னு விட்டுட்டேன்.”

“மூணு வாரமா நீ ஒரு வார்த்த கேக்கல. சரி, தெரிஞ்சுக்கிட்டான், மனசுக்குள்ள வச்சிருக்கான்னு நெனச்சேன். அப்புறம் பக்கத்தயே காணோம்.”

“பத்து நாளாக் கெடந்தாத் தொடச்சிருன்னு நாந்தான் எழுதி வச்சேன். தடை சொல்லலம்மா. குப்பைன்னு…” அந்தச் சொல்லை முடிக்காமல் ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தான். “எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“ஓலைய வீட்டுல உள்ளவங்களுக்கா வாசிப்பாங்க? ஊருக்குல்ல வாசிப்பாங்க.”

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை மெல்லத் தள்ளிப் பார்த்தாள், எல்லாம் இருக்கிறதா என்று. ஆமென் பொத்தான் வரை வந்து விரலை எடுத்துவிட்டாள்.

“அமுத்தும்மா.”

“மூணாவது ஓலை பாக்கி இருக்குடா. ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாளு. அங்க வச்சு வாசிக்கேன்.” பிறகு நிமியைப் பார்த்து, “உள்ள வா, காப்பி போடுதேன். ஏ ஜோஜோ, போயி சுண்ணாம்பு வாங்கிட்டு வா,” என்றாள்.

அன்றே ஜோஜோ பத்து நாள் விதியை அழித்தான். கரண்ட் போனால் பெட்டி தாங்க வேண்டுமே என்று புது பேட்டரி வாங்கி மாட்டினான். கம்பெனி வேலைக்குக்கூட அவன் இப்படிப் பதறியதில்லை.

ஞாயிறு மத்தியானம் மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பும் செவ்வந்தியும். பங்குச்சாமி தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்கத் தயாராக நின்றார். ஒவ்வொரு ஆண்டும் இறந்தவர் பெயர்களைப் போனில் வலைப்பூவைப் பார்த்துத்தான் அவர் வாசிப்பார். அடக்கம் செய்த ஆண்டு வரிசையில் பெட்டியே அடுக்கித் தரும். செபமாலையம்மாள் அவரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் தலையசைத்து ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அவள் போனைத் தூரப் பிடித்து வாசிக்கத் தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. இரண்டு ஞாயிறு வாசித்துப் பழகிய குரல். ‘அழுதா, ஒரு தடவ’ என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள். முடித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“தடை தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.”

யாரும் அசையவில்லை. அவள் பார்வை கடைசியாக மகனிடம் வந்து நின்றது. எல்லார் பார்வையும் கூடவே வந்தது.

“இல்லம்மா,” என்றான் ஜோஜோ. அவன் குரல்தான் நடுங்கியது.

அவள் பொத்தானைத் தொட்டாள். சிக்னல் ஒரே ஒரு கோடுதான். ஜோஜோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே தேவிகுளத்தில், பூட்டிய வீட்டில், குரோஷா துணிக்கு அடியில் பெட்டி இப்போது விழித்திருக்கும். கிளையை மூலத்தோடு சேர்த்திருக்கும். முதலிலிருந்து எல்லாரையும் ஒவ்வொருவராக எடுத்து, அப்பாவை எடுத்து, ஜோஸைத் தவிர்த்து, வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும். அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வெளியிடப்பட்டது. எத்தனையாவது தடவையாகவோ பார்க்கும் அந்தச் சொல்லைப் பார்த்து அவன் கண் நிறைந்தது.

சாமி தன் போனைப் புதுப்பித்துக்கொண்டு பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஆண்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒரு கங்காணி, ஒரு டிரைவர், பிரசவத்தில் போன ஒரு பெண். அவர்களுக்கு அடுத்து, குரலில் எந்த வித்தியாசமும் இல்லாமல், “அடைக்கலமேரி,” என்றார். கூட்டம் மற்றவர்களுக்குச் சொன்னதுபோலவே இவளுக்கும் ஒரே குரலில் பதில் சொன்னது. அந்தப் பெயரைத் தன் வாயல்லாத இன்னொரு வாய் கோயில் குரலில் சொல்வதைச் செபமாலையம்மாள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசிப்பு முடிந்ததும் ஜோஜோ எதிர்பாராதது நடந்தது. சனங்கள் அவரவர் கல்லறைகளுக்குக் கலைந்து போகவில்லை. வேலிப் பக்கமாக நடந்தார்கள். மூன்று ஞாயிறாக ஓலை கேட்டவர்கள் அல்லவா. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கூடுதலாகக் கொண்டு வந்திருந்தார்கள். ஜோஸ் தன் கைத்தடியால் முள்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒவ்வொருவராகக் குனிந்து அந்தப் பக்கம் போனார்கள். கடைசியில் சாமியும் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தீர்த்தச் செம்போடு குனிந்து போனார். பத்தையின் ஓரத்தில், பாசி படிந்த கல் ஒன்றைச் சுற்றி வெளிச்சம் பரவிக்கொண்டே போனது. ஜோஜோ பார்த்துக்கொண்டே நின்றான். அவன் எழுதியது ஏதோ சில வரிகள். இவ்வளவு பெரிதாக எதையும் அவன் எழுதவில்லை.

அம்மா கல்லருகே நின்றபடி அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் கம்பிக்கு அடியில் குனிந்து போனான்.

“நிமி காட்டுனா. அப்பா பக்கத்துல ஒன் பேரு ரெண்டாவதாப் போயிருச்சேடா,” என்றாள்.

“அதுதானம்மா என் இடம்,” என்றான் ஜோஜோ. அவள் மெழுகுவர்த்தியில் தன்னுடையதைப் பற்றவைத்து, அக்காவின் தலைமாட்டில் ஊன்றினான்.